ஐ.டி.ஐ.யா, அப்ரண்டிஸா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பத்தாம் வகுப்பு, பிளஸ் 2 முடிவுகள் வந்த கையோடு "அடுத்து எதில் சேர்ப்பது?" என்று கேட்டு வந்த கேள்விகளில், சேலம் மாவட்டத்து வாசகர்கள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டோம். தொழிற்பயிற்சி நிலையங்களிலும் (ஐ.டி.ஐ.) ஆலைகளிலும் பயிற்சி தருபவர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் தருகிறோம்.

என் மகன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 263. கணக்கில் 41தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் (இயந்திரப் பாகங்களைப் பொருத்திப் பராமரிக்கும் தொழில்) படிக்கிறேன் என்கிறான். "ஐ.டி.ஐ. போனா அதோட முடிஞ்சுது, பாலிடெக்னிக்கிலாவது போடு" என்று என் அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், ஓமலூர்

இந்த முறை மகன் சொல்வதைக் கேளுங்கள்.

பாலிடெக்னிக் டிப்ளமோ மூன்று வருடம். அதில் முதல் வருடத்தில் பெரும்பகுதி கணக்கு, இயற்பியல், வேதியியல், வரைபடம்தான். தொழில் பாடங்கள் பெரும்பாலும் பிறகுதான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறிய பையன்கள் மாட்டிக்கொள்வது அந்த முதல் வருடத்தில். அரியர் சேர்ந்துவிட்டால் மூன்று வருடம் ஐந்தாக இழுக்கும், சிலர் முடிக்காமலே வெளியே வந்துவிடுவார்கள்.

"அதோட முடிஞ்சுது" என்பதும் சரியில்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர், டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமோ இரண்டு என்று நான்கே வருடத்தில் இரண்டு சான்றும் கையில் இருக்கும். நேரடியாக டிப்ளமோ போவதைவிட ஒரு வருடம்தான் கூடுதல். அதற்குள் கையில் தொழிலும் வந்திருக்கும். பிளஸ் 2-வுக்கு இணையான சான்று வேண்டுமென்றால், இரண்டு வருட ஐ.டி.ஐ.யோடு பிளஸ் 2 தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனியாக எழுதித் தேறினால் போதும். தமிழக அரசு அதற்கு வழி செய்திருக்கிறது.

ஆனால் ஐ.டி.ஐ. சுலபம் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள். வருடத்துக்கு 1,200 மணி நேரப் பயிற்சி. அதில் 840 மணி நேரம் ஒர்க்‌ஷாப்பில் நின்றுகொண்டு செய்யும் வேலை. தியரி 240 மணி நேரம், வேலைக்கான பொதுத் திறன்கள் 120 மணி நேரம். இவை போக 150 மணி நேரம் ஏதாவது ஒரு தொழிற்கூடத்தில் நேரடிப் பயிற்சி. வருகைப் பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத விடமாட்டார்கள். தியரித் தாளில் 33 சதவீதம் எடுத்தாலே பாஸ். செய்முறையில் 60 சதவீதம் வேண்டும், அதாவது 250-க்கு 150. கணக்கில் 41 எடுத்த பையனுக்கு இந்த ஏற்பாடு சாதகம்தான், ஆனால் கை ஓட வேண்டும்.

ஃபிட்டரில் முதல் சில மாதம் மெஷின் பக்கமே விடமாட்டார்கள். ஒரு இரும்புத் துண்டு, ஒரு அரம், துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ். அந்தத் துண்டைத் தட்டையாகவும் மூலை சரியாக 90 டிகிரி வரும்படியும் ராவ வேண்டும். "இதுக்கா ஐ.டி.ஐ. வந்தேன்?" என்று பையன்கள் சலித்துக்கொள்வதும், நின்றுவிடுவதும் இந்தக் கட்டத்தில்தான். வைஸின் வாய் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் தோள் வலிக்கும். தாழ்வாக இருந்தால் குனிந்து ராவும்போது அரம் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடினால் துண்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மேடு தெரியும். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பல்தான் மழுங்கும். அரத்தின் பல்லில் இரும்புத் துகள் அடைத்துக்கொண்டால் பரப்பில் கீறல் விழும். கம்பித் தூரிகையால் துடைத்து, சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அடைப்பது குறையும். இதைப் பொறுமையாகச் செய்து, 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியரையும் 0.01 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டரையும் தயங்காமல் படிக்கப் பழகிய பையனுக்குப் பிறகு லேத், டிரில்லிங், ஃபிட்டிங் எதுவும் பயமில்லை.

ஃபிட்டரா எலக்ட்ரீஷியனா என்று பலரும் கேட்கிறார்கள். சேலம் உருக்காலை, பொட்டனேரி இரும்பாலை, மேட்டூர் அனல்மின் நிலையம், மேட்டூரின் ரசாயன ஆலைகள், ஜவ்வரிசி ஆலைகள், நூற்பாலைகள் என்று மெஷின் ஓடுகிற இடம் எதுவானாலும் பராமரிப்புக்கு ஃபிட்டர் வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு ஆலையும் உண்டு, சொந்தமாகத் தொழில் செய்யும் வழியும் உண்டு. பையனுக்கே ஃபிட்டரில் ஆசை என்றால் மாற்றாதீர்கள்.

சேர்க்கை ஆன்லைனில், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் 'ஸ்கில் டிரெய்னிங்' இணையதளத்தில். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். வீட்டில் கணினி இல்லையென்றால் சேலம் அய்யந்திருமாளிகையில் உள்ள அரசு ஐ.டி.ஐ.யிலேயே போட்டுத் தருவார்கள். மேட்டூர் அணையிலும் அரசு ஐ.டி.ஐ. உண்டு, ஓமலூர்க்காரர்கள் இரண்டையும் விருப்பப் பட்டியலில் போடுங்கள். ஒரே ஒரு ஐ.டி.ஐ., ஒரே ஒரு டிரேடு (தொழிற்பிரிவு) என்று போட்டுவிட்டு இடம் கிடைக்கவில்லை என்று வருந்துபவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். கலந்தாய்வில் விட்டுப்போனால் காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும், அதையும் விசாரியுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் சேரும்.

ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டேன். ஒரு ஆலையில் "அப்ரண்டிஸ்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாதம் 9,000 என்றார்கள். எந்தக் காகிதமும் தரவில்லை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடு என்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், மேச்சேரி

காகிதம் இல்லாமல் சேராதீர்கள். ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், நகல் கொடுங்கள், திரும்ப வாங்கிப் பைக்குள் வையுங்கள்.

அப்ரண்டிஸ் என்றால் ஆலையிலேயே உதவித்தொகையோடு தொழில் பழகுபவர். ஆனால் அப்படிச் சொல்லிக்கொள்வதெல்லாம் சட்டப்படியான அப்ரண்டிஸ் ஆகிவிடாது. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் போட்டு, அதை 'அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதில் உங்கள் பெயரில் ஒரு பதிவு எண், டிரேடு பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, உதவித்தொகை எல்லாம் இருக்கும். பதிவில்லாமல் எடுத்தால் அது வெறும் 'டிரெயினி'. ஒரு வருடம் உழைத்துவிட்டு வெளியே வரும்போது கையில் ஒரு அனுபவக் கடிதம் இருக்கும், அதுவும் கேட்டு வாங்கினால். பதிவு செய்த அப்ரண்டிஸ் என்றால் முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதி, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். ரயில்வே, மின்வாரியம், பொதுத்துறை ஆலைகள் கேட்பது அந்தச் சான்றைத்தான். ஐ.டி.ஐ. சான்று ஒன்று, அப்ரண்டிஸ் சான்று இன்னொன்று; இரண்டும் இருப்பவருக்கு விண்ணப்பத்தில் மதிப்பே வேறு.

அதனால் இன்றே போய் மனிதவளப் பிரிவில் இதைக் கேளுங்கள்: "எந்த டிரேடில் ஒப்பந்தம் போடுவீர்கள்? அப்ரண்டிஸ்ஷிப் போர்ட்டலில் (இணையதளத்தில்) உங்கள் நிறுவனப் பதிவு எண் என்ன?" எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு 'பேக்கிங் உதவியாளர்' என்ற பெயரில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சான்று எலக்ட்ரீஷியன் வேலைக்கு உதவாது. இணையதளத்தில் நீங்களே ஆதார் கொண்டு பதிவு செய்துகொண்டால், நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பும்போது உங்கள் கணக்கில் தெரியும். டிரேடைப் படித்துப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுங்கள்.

உதவித்தொகைக்கு 2019-ல் திருத்திய விதிகளின்படி குறைந்தபட்சத் தொகை உண்டு: பத்தாம் வகுப்பு படித்தவருக்கு மாதம் 6,000, ஐ.டி.ஐ. சான்று உள்ளவருக்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. நிறுவனம் கூடக் கொடுக்கலாம், குறைக்கக் கூடாது. பயிற்சி இரண்டாம் வருடத்துக்கு நீண்டால் 10 சதவீதம் கூட்ட வேண்டும். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தது. ஒப்பந்தம் போடும் நாளில் எந்தத் தொகை அமலில் இருக்கிறது என்று போர்ட்டலிலேயே பாருங்கள். தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு நேரடியாக உங்கள் வங்கிக் கணக்கில் போடும். அதனால் ஆலையிலிருந்து வருவது குறைவாகத் தெரிந்தால் உடனே சண்டைக்குப் போகாமல் பாஸ்புக்கில் இரண்டு வரவையும் கூட்டிப் பாருங்கள். அரசின் பங்கு வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்காததுதான்.

சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. ஆகவே பி.எஃப். பிடித்தம் கிடையாது. முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. "ஒரு வருஷம் ஓட்டு, பர்மனென்ட் பண்ணிடறோம்" என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி வேறு வேலைக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். ஆனால் வேலை நேரத்தில் காயம் பட்டால் தொழிலாளிக்கு உள்ளதைப் போலவே இழப்பீடு உண்டு. அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயிற்சியில் வைக்கக் கூடாது. ஓவர்டைமும் அப்படியே. சேலத்தில் எது சந்தேகம் என்றாலும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும் என்பதால் எங்கெங்கே இடம் இருக்கிறது என்பதும் அங்கே தெரியும்.

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. பழங்குடி வகுப்பு. என் தங்கை அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் 2 முடித்திருக்கிறாள், வணிகவியல் பாடம். கம்ப்யூட்டர் கோர்ஸ் போகிறேன் என்கிறாள். தினமும் கீழே இறங்கி ஏற முடியாது. என்ன வழி?
– அண்ணன், ஏற்காடு மலை

முதலில் சான்றிதழ். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வழங்குவது கோட்டாட்சியர், தாசில்தார் அல்ல. விசாரணை நடந்துதான் வரும் என்பதால் நாளாகும். சேர்க்கைக்கு நான்கு நாள் முன்னால் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கிடைக்காது. பழைய அட்டைதான் இருக்கிறது என்றால் இப்போதே ஆன்லைன் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏறித் தினசரி படிக்க முடியாது என்பது சரிதான். ஒர்க்‌ஷாப் காலையிலேயே தொடங்கிவிடும், 80 சதவீத வருகைப் பதிவு போய்விடும். ஆகவே விடுதி கிடைத்தால்தான் சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலத்தில் மகளிருக்கென்று தனி அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே விசாரிக்கும்போதே ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை விடுதிக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்குங்கள். கருமந்துறையில் பழங்குடியினருக்கான அரசு ஐ.டி.ஐ. உண்டு என்று யாராவது சொல்லியிருக்கலாம். உண்மைதான், ஆனால் அது கல்வராயன் மலைப் பக்கம். மலை என்பதற்காக உங்களுக்குப் பக்கம் என்று ஆகிவிடாது, அங்கேயும் தங்கித்தான் படிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று அவர் சொல்வது ஐ.டி.ஐ.யின் கணினி இயக்குநர் டிரேடான 'கோபா'வாக இருக்கும், ஒரு வருடம். சொல்லித் தருவது நன்றாகவே இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்து வேலை தேடினால் போட்டி அதிகம், சம்பளம் குறைவு. பி.காம். படித்தவர்களும் அதே நாற்காலிக்கு வருவார்கள். அவர் வணிகவியல் படித்தவர் என்பதால் கோபாவோடு டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. பதிவும் கற்றுக்கொண்டால் சேலத்தில் லீ பஜார், செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளில் கணக்கு வேலைக்குப் போகலாம். இது ஒரு வழி.

இன்னொரு வழியையும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். ஊரிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினால், ஏற்காட்டில் வருடம் முழுக்க ஆள் தேடுவது ஓட்டல்கள்தான். ஐ.டி.ஐ.யில் 'ஃபுட் புரொடக்‌ஷன்' ஒரு வருடம், 'ஹவுஸ் கீப்பர்', 'ஃபிரண்ட் ஆபீஸ்' போன்ற டிரேடுகளும் உண்டு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, எங்கே இருக்கிறது என்று கலந்தாய்வுப் பட்டியலில் பார்க்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான அரசு நிறுவனமான தாட்கோ மூலம் சென்னை தரமணியில் உள்ள ஓட்டல் மேலாண்மை நிறுவனத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குச் செலவை அரசே ஏற்கும் படிப்புகளும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. சமையலில் நாட்டமில்லாத பெண்ணுக்கு, குளிர்சாதனப் பராமரிப்பு டிரேடு இரண்டு வருடம். பெண்கள் குறைவாக வரும் டிரேடு. ஓட்டல்களின் குளிர்பதன அறை, ஃப்ரீசர் பழுதானால் கீழேயிருந்து ஆள் வரும் வரை காத்திருக்கிறார்கள் என்பதை ஏற்காட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதற்குப் பள்ளியில் கொடுத்த 'எமிஸ்' எண்ணை (மாணவர் அடையாள எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். ஆதாரில் ஒரு எழுத்துப் பெயர், மதிப்பெண் சான்றில் வேறு எழுத்துப் பெயர் என்று இருந்தால் இந்த விடுமுறையிலேயே திருத்துங்கள். பணம் வராமல் போவதற்கு இதுதான் பெரிய காரணம்.

பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. லாரி பாடி கட்டும் பட்டறையில் மாமா வெல்டிங் கற்றுக்கொள் என்கிறார். பட்டறையிலேயே கற்பதா, ஐ.டி.ஐ.யா?
– வாசகர், சங்ககிரி

துணைத் தேர்வை முதலில் எழுதிவிடு தம்பி. எட்டாம் வகுப்பு தேர்ச்சியை வைத்தே வெல்டர், வயர்மேன் டிரேடுகளில் சேரலாம் என்பது உண்மை. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்று இல்லாமல் பிற்பாடு பல கதவு திறக்காது.

பட்டறையில் கை பழகும், வேகமும் வரும். ஆனால் பட்டறை சொல்லித் தருவது ஒட்டினால் போதும் என்கிற வெல்டிங். பாய்லர், பைப்லைன், இரும்பாலை வேலைக்கு உன் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அங்கே "ஒட்டிக்கிச்சு" என்பதற்கு மதிப்பில்லை. ஐ.டி.ஐ. வெல்டர் ஒரு வருடம்தான்.

எங்கே கற்றாலும் இதைக் கவனி. சாதாரண இரும்புக்கு 6013 வகை ராடு (வெல்டிங் குச்சி), 3.15 மி.மீ. என்றால் 90 முதல் 130 ஆம்பியர் வரை. கரண்ட் அதிகமாக வைத்து, ராடுக்கும் இரும்புக்கும் இடையே எரியும் ஆர்க்கையும் நீட்டினால் வெல்டின் ஓரத்தில் இரும்பு அரித்துப் பள்ளம் விழும். அந்த இடம்தான் பின்னால் விரிசல் விடும். கரண்ட் குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், வெல்டு மேலே குவிந்து நிற்கும், உள்ளே இறங்காது. ஒரு லேயர் முடிந்ததும் மேலே படிந்த கசடை (ஸ்லாக்) சுத்தியால் தட்டி, பிரஷ் போட்டுத்தான் அடுத்த லேயர். அவசரத்தில் விட்டால் ஸ்லாக் உள்ளே மாட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ராடு ஈரம் இழுத்திருந்தால் வெல்டில் ஊசி குத்தியது மாதிரி துளைகள் வரும். 7018 ராடு என்றால் ஓவனில் காயவைக்காமல் தொடவே கூடாது.

பட்டறைகளில் முகக்கவசத்துக்குப் பதில் கறுப்புக் கண்ணாடியை மட்டும் போட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பாய். 10 அல்லது 11-ம் எண் கண்ணாடி போட்ட கவசம்தான் வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கு ராத்திரியே கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். ஜிங்க் பூசிய தகட்டை மூடிய இடத்தில் வெல்டு செய்தால் அந்தப் புகையில் காய்ச்சல் வரும். பூச்சைச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமாக வைத்துச் செய்.

ஒரு வருடம் முடித்து, பிறகு அப்ரண்டிஸ். அதன் பிறகு 45 டிகிரி சாய்வாக நிறுத்திய பைப்பைச் சுற்றி வெல்டு செய்யும் '6-ஜி' தேர்வுக்குப் பழகு. அது கையில் வந்தவரை சங்ககிரிக்கு வெளியிலும் தேடி வருவார்கள். மாமா பட்டறையில் விடுமுறை நாட்களில் தாராளமாகக் கை பழகிக்கொள்.

ஆறு வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் வயரிங் உதவியாளராக இருக்கிறேன். எட்டாவதுதான் படித்தேன். இப்போது ஐ.டி.ஐ. போக வயதில்லை. எனக்கு ஏதாவது சான்று கிடைக்குமா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

கிடைக்கும். மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு உங்களுக்காகவே நடக்கிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் வேலையில் 5 வருட அனுபவம் வேண்டும். அறிவிப்பு வந்ததும் அரசு ஐ.டி.ஐ.யில் விண்ணப்பம் கொடுங்கள். அனுபவச் சான்று உரிமம் உள்ள கான்ட்ராக்டரிடமிருந்து வாங்க வேண்டும். உங்கள் முதலாளிக்கு உரிமம் இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

கை வேலை உங்களுக்குத் தெரியும், கேள்விகளில்தான் தடுமாறுவீர்கள். "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லும்படி படியுங்கள். லைட் சர்க்யூட் ஒன்றில் 10 பாயின்ட், 800 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. பவர் சர்க்யூட்டில் இரண்டு பாயின்ட்தான். லைட்டுக்கு 1.5, பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. வயர் என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ஆனால் 1.5 வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்) போட்டால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். டிரிப் ஆவதற்குள் வயர் உருகிவிடும், எம்.சி.பி. காப்பது வயரைத்தான், மோட்டாரை அல்ல. மனிதனைக் காப்பது, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது அடிக்கடி விழுகிறது என்று அதைத் தவிர்த்து நேரடியாக இணைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கும், அல்லது இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருக்கும். வயரின் காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றிப் பார்த்தால் பிடிபடும்.

தனியார் நிறுவனம் ஒன்று "அரசு அங்கீகாரம் பெற்ற ஓராண்டு டிப்ளமோ, வேலை உறுதி" என்று 45,000 கேட்கிறது. நம்பலாமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

யாருடைய அங்கீகாரம் என்று கேளுங்கள். ஐ.டி.ஐ. என்றால் மத்திய அரசின் பட்டியலில் அதற்கு ஒரு குறியீட்டு எண் இருக்கும். தமிழ்நாட்டில் அரசு நிலையத்துக்கு 'ஜி.ஆர்.33' என்றும் தனியாருக்கு 'பி.ஆர்.33' என்றும் தொடங்கும். எண் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் டிரேடு வாரியாகத் தருவது. எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அதே பலகையின் கீழ் வேறு நான்கு கோர்ஸ் நடத்துவார்கள். நீங்கள் சேரும் டிரேடு அந்தப் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை யூனிட் (பயிற்சிப் பிரிவு) என்று பாருங்கள். பெரும்பாலான டிரேடுகளில் ஒரு யூனிட் 20 பேர்தான். வகுப்பில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தால் நாற்பது பேரின் பெயர் எங்கே என்று கேட்க வேண்டும். வேலை உறுதி என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். அத்தோடு பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும்.

நெசவுக் குடும்பம். மகள் பத்தாவது முடித்திருக்கிறாள். தறித் தொழிலோடு சேர்ந்த படிப்பு ஏதாவது உண்டா?
– தந்தை, இளம்பிள்ளை

சேலத்திலேயே இருக்கிறது. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட டிப்ளமோ. நெசவோடு சாயம், டிசைன், துணிப் பரிசோதனையும் சொல்லித் தருவார்கள். உங்கள் வீட்டில் தறி தெரிந்திருக்கும். சாயம் போகாமல் நிற்க என்ன செய்வது, தறியில் டிசைன் நெய்ய உதவும் ஜக்கார்டுக்கு டிசைனைக் கணினியில் எப்படிப் போடுவது என்பதுதான் அவருக்குப் புதிதாகக் கிடைப்பது. வெளியே ஏற்றுமதி நிறுவனங்களில் வேலைக்கு எடுப்பதும் இதைப் பார்த்துத்தான்.

சேலம் கோட்டத்தில் ரயில்வே அப்ரண்டிஸ் முடித்தால் ரயில்வே வேலை நிச்சயமா?
– வாசகர், சூரமங்கலம்

நிச்சயம் இல்லை, ஆனால் கை கொடுக்கும். ரயில்வேயின் லெவல்-1 (கடைநிலை) பணியிடங்களில் 20 சதவீதம் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு. அதற்கும் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். அப்ரண்டிஸ் எடுப்பதற்குத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் சேர்த்துப் பட்டியல் போடுவார்கள். ஆகவே ஐ.டி.ஐ.யில் பாஸானால் போதும் என்று இருக்காமல் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் போராடுங்கள். சேலம் கோட்டத்துக்கான இடங்கள் போத்தனூர் பட்டறையின் அறிவிப்போடு சேர்ந்து வரும், சேலம் என்ற பெயரை மட்டும் தேடினால் தவறவிடுவீர்கள். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 24 வயது வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 3 வருடமும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 வருடமும் சலுகை உண்டு. விண்ணப்பத்தில் போட்டோ, கையெழுத்து மங்கலாக இருந்தாலே தள்ளிவிடுவார்கள். செல்போனில் எடுத்ததை அப்படியே ஏற்றாமல், வெள்ளைப் பின்னணியில் ஸ்டுடியோவில் எடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்றுங்கள்.